காகிதப்பூவுக்கு யார் பெயர்?

காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ரோஸ் கலரில் வழிந்துகொண்டிருக்கும் காகிதப்பூவைப் பார்க்காத நகரவாசி இருக்க முடியாது. நர்சரிக்குப் போய்ப் பெயர் கேட்டால்தான் குழப்பம்! ஒரு தொட்டியில் 'போகன்வில்லா' என்று அட்டை, பக்கத்தில் 'போகன்வில்லியா', இன்னொன்றில் 'பூகன்வில்லா'. எது சரி என்று கேட்டால், "எல்லாம் ஒரே செடிதான் சார்... கலர்தான் வேற" என்பார் கடைக்காரர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பெயரை முறைப்படி அச்சிட்ட பிரெஞ்சு மேதையே ஸ்பெல்லிங்கில் கோட்டை விட்டவர்தான்!

பெயருக்குச் சொந்தக்காரர், லூயி ஆந்த்வான் த பூகன்வில். பிரெஞ்சு உச்சரிப்புப்படி 'பூ'தான். பூவின் பெயர் 'பூ'விலேயே தொடங்குவது தமிழுக்கு அடித்த யோகம்! இளம் வயதில் கால்குலஸ் பற்றிப் புத்தகம் எழுதியவர், பிறகு கனடாவில் ஆங்கிலேயரோடு மோதிய ராணுவ அதிகாரி. 1766-ல் பிரெஞ்சு மன்னருக்காக உலகத்தைச் சுற்றிவரக் கப்பலேறினார். பின்னாலேயே, 1767-ல், 'எத்வால்' என்ற சரக்குக் கப்பல் கிளம்பியது. அதில் இருந்தவர் ஃபிலிபெர் கொமெர்சோன் - செடி, கொடி என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுகிற தாவரவியல் நிபுணர். கூடவே அவருடைய உதவியாளன், 'ழான் பாரே'.

அந்த 'உதவியாளன்' ஒரு பெண்! பர்கண்டி கிராமத்து ஏழைக் குடும்பத்தில் 1740-ல் பிறந்து, கொமெர்சோன் வீட்டைப் பார்த்துக்கொண்டவர். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் பயணம் செய்யத் தடை. என்ன செய்தார்? ஆண் உடை அணிந்தார். பெண் பெயரான 'ழான்' எழுத்தில் ஆண் பெயராக மாற, கடைசி இரண்டு எழுத்துகளை வெட்டினால் போதும். வெட்டினார்!

கொமெர்சோனுக்குக் காலில் ஆறாத புண். ஆகவே மலை ஏறி, சாப்பாட்டு மூட்டை, துப்பாக்கி, செடிகளை அழுத்திவைக்கும் கனத்த ஏடுகள் என்று எல்லாவற்றையும் சுமந்தவர் பாரேதான். 1767-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் நம் காகிதப்பூ கிடைத்தது. அதைப் பறித்த கை பாரேயுடையதாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிற வரலாற்று ஆய்வாளர்கள் உண்டு. ஊகம்தான். ஆனால் அந்தக் காலையும் அந்த மூட்டையையும் நினைத்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கொமெர்சோன் என்ன செய்தார்? கண்ணைப் பறிக்கும் அந்தச் செடிக்குத் தலைவரின் பெயரைச் சூட்டினார்!

(ஒரு விஷயம்... காகிதம் போல மினுக்குவது பூவே இல்லை. நிறம் மாறிய இலைகள். நடுவே தீக்குச்சித் தலை போலக் குட்டியாக, வெள்ளையாக மூன்று நிற்கிறதே, அதுதான் பூ. நம் அந்திமந்தாரைக்கு நெருங்கிய சொந்தம்.)

1768 ஏப்ரலில் தாஹிட்டித் தீவில் பாரே கரையிறங்கியதுமே, "இது பெண்!" என்று தீவுவாசிகள் சூழ்ந்துகொண்டதாக பூகன்வில் எழுதியிருக்கிறார். கண்ணீரோடு உண்மையை ஒப்புக்கொண்டவரை அவர் தண்டிக்கவில்லை. மொரிஷியஸில் கொமெர்சோனும் பாரேயும் கப்பலை விட்டு இறங்கிவிட்டார்கள். 1773-ல் கொமெர்சோன் அங்கேயே இறந்துபோக, பாரே இன்னொருவரை மணந்துகொண்டு பிரான்சுக்குத் திரும்பினார். உலகைச் சுற்றிவந்த முதல் பெண்மணி என்று சரித்திரம் சொல்வது இவரைத்தான்.

செடிகளும் பாரிஸ் வந்துசேர்ந்தன. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அதே 1789-ல், ஆந்த்வான் லோரான் த ஜுஸ்யூ தன் பெரும் நூலில் கொமெர்சோன் வைத்த பெயரை அச்சிட்டார். எப்படி? முன்பாதியில் 'ஓ', 'ஏ' என்று இரண்டு ஆங்கில எழுத்துகளைக் காணோம். கடைசியில் ஒரு 'ஏ' கூடுதல்! தாவரவியலில் சட்டம் கறாரானது. முதலில் அச்சேறியதற்கே முன்னுரிமை. அப்படிப் பார்த்தால் தப்பான ஸ்பெல்லிங்தான் நிலைத்திருக்க வேண்டும். ஆனால் பூகன்வில்லுக்காக விதிவிலக்கு தந்து, திருத்திய எழுத்தையே அதிகாரபூர்வமாக்கினார்கள். பெரிய மனிதர் பெயராச்சே!

பாரேக்கு? 1785-ல் அரசாங்கம் அவரை 'அசாதாரணமான பெண்' என்று பாராட்டி, வருடம் 200 லீவ்ர் பென்ஷன் கொடுத்தது. கொமெர்சோனும் ஒரேயடியாக மறந்துவிடவில்லை. ஒரே செடியில் விதவிதமான இலைகள் விடும் ஒரு தாவரத்துக்கு 'பாரேட்டியா' என்று குறித்து வைத்திருந்தார். பொருத்தமான தேர்வுதான். ஆனால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. கொமெர்சோன் பெயரிலோ, எழுபதுக்கும் மேற்பட்ட உயிரினங்கள்!

1807-ல் பாரே இறந்தார். 2012-ல்தான் மூன்று ஆய்வாளர்கள், ஈக்வடார் - பெரு மலைப்பகுதியில் வளரும் ஒரு காட்டுக்கொடிக்கு 'சொலானம் பாரேட்டியே' என்று பெயர் வைத்தார்கள். நம் கத்தரி, தக்காளிக் குடும்பம். இந்தக் கொடியிலும் ஓர் இலை போல இன்னோர் இலை இருப்பதில்லை.