கொள்ளிடத்துக்கு அக்கரை: ஏலாக்குறிச்சிக்கு ஒரு பயணத் திட்டம்

பூண்டி மாதா பசிலிக்காவுக்கு ஒருநாள் சென்று வரலாம் என்ற பேச்சு நண்பர்களிடையே எழுந்தபோது அது மிக எளிய திட்டமாகவே இருந்தது. காலையில் தஞ்சாவூரில் கூடுவது, திருக்காட்டுப்பள்ளி வழியே பூண்டியை அடைவது, ஆலயத்தைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்புவது. வரைபடத்தை விரித்துப் பார்த்த பிறகுதான் திட்டம் நீளத் தொடங்கியது. பூண்டிக்கு வடக்கே கொள்ளிடம் ஓடுகிறது. அந்த ஆற்றின் போக்கிலேயே கிழக்கு நோக்கிச் சென்று, பாலத்தைக் கடந்து வடகரையில் ஏறினால் அரியலூர் மாவட்டத்துத் திருமானூர். அங்கிருந்து சிறிது தொலைவில் ஏலாக்குறிச்சி. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் பல ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றிய ஊர். இவ்வளவு அருகில் சென்றுவிட்டு ஆற்றைக் கடக்காமல் திரும்புவது முறையாகுமா என்ற கேள்வி எழுந்தது. அக்கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

முதலில் 'பசிலிக்கா' என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். 'அரசன்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது இது. 'அரச மண்டபம்' என்பது இதன் அடிப்படைப் பொருள். ரோமானிய நகரங்களில் வழக்கு விசாரணையும் வணிகமும் நடந்த பெரிய பொது மண்டபங்களை இப்பெயரால் அழைத்தார்கள். நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் எழுந்த தேவாலயங்கள் அந்த மண்டப அமைப்பையே பின்பற்றின; பெயரும் கூடவே வந்தது. பின்னாளில் அது திருத்தந்தை வழங்கும் பட்டமாயிற்று. தமிழ்நாட்டில் சாந்தோம் 1956இலும், வேளாங்கண்ணி 1962இலும், பூண்டி 1999இலும் இப்பட்டத்தைப் பெற்றன. தமிழில் நமக்கு வேறொரு சொல் இருக்கிறது: கோயில். கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. கிரேக்கமும் தமிழும் தனித்தனியே நடந்து ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இரண்டுமே அரசனின் வீட்டுக்கு இட்ட பெயர்கள். இரண்டும் பின்னர் கடவுளின் வீட்டைக் குறிக்கலாயின.

ஆனால் அக்கரையில் உள்ள ஏலாக்குறிச்சி அன்னையின் பெயர் அடைக்கல மாதா. அரசையோ மகுடத்தையோ சுட்டாமல் அடைக்கலத்தைச் சுட்டும் பெயர். பக்தி மரபில் இறைவனையும் இறைவியையும் அடைக்கலமாகக் கொள்வது எங்கும் உள்ளதுதான். எனினும் இந்த ஊரில் அந்தப் பெயருக்கு ஓர் அரசியல் புவியியலும் இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் வெறும் ஆறாக மட்டும் இருக்கவில்லை; இந்தப் பகுதியில் அது ஓர் எல்லைக்கோடு. தெற்கே தஞ்சை மராத்தியர் அரசு. மேற்கே திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்ட மதுரை நாயக்கர் அரசு. வடக்கே பாளையங்கள்: அரியலூரில் மழவராயர், உடையார்பாளையத்தில் காலாட்கள் தோழ உடையார், மேற்கில் துறையூர் ரெட்டியார். இந்தப் பாளையக்காரர்கள் பேரரசுகளுக்கு நடுவே, ஒருவருக்குக் கப்பம் கட்டியும் மற்றொருவரைச் சமாளித்தும் காலம் தள்ளியவர்கள். ஏலாக்குறிச்சி அரியலூர்ப் பாளையத்தின் தென் எல்லையில், தஞ்சை அரசின் அதிகாரம் முடிந்த இடத்தில் இருந்தது.

1701ஆம் ஆண்டில் தஞ்சை அரசில் கிறிஸ்தவர்கள் மீது கடுமையான அடக்குமுறை ஏவப்பட்டதை மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைத் துறவியரின் கடிதங்கள் பேசுகின்றன. அப்போது அரியணையில் இருந்தவர் சாகஜி. அந்தத் துன்பத்துக்குத் தப்பியவர்கள் ஆற்றைக் கடந்து வடகரைக்கு வந்தார்கள். இந்தக் கடிதங்கள் ஒரு தரப்பின் சாட்சியம் என்பதை நாம் மறக்கக்கூடாது. சாகஜியைக் கொடுங்கோலன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் இயலாது. 1693இல் திருவிசநல்லூரைச் 'சாகஜிராஜபுரம்' என்று பெயரிட்டு அறிஞர்களுக்குக் கொடையாக அளித்தவர் அவரே. தெலுங்கில் 'பல்லகி சேவா பிரபந்தம்' இயற்றியவரும் அவரே. ஒரு சாரார்க்குப் புலவர்களைப் புரந்த மன்னன். இன்னொரு சாரார்க்கு ஊரைவிட்டு ஓடச் செய்த மன்னன். வரலாற்றில் இந்த இரண்டும் ஒருவரிடமே அமைவது புதிதன்று.

வந்தவர்களை மழவராயர் ஏன் இருக்க விட்டார்? பாளையக்காரர் கிறிஸ்தவர் அல்லர். அரியலூர் அரசரைப் பீடித்த பிளவை நோயை வீரமாமுனிவர் குணப்படுத்தினார் என்றும், அதற்கு நன்றியாக ஏலாக்குறிச்சியில் நிலம் கிடைத்தது என்றும் ஊர் மரபு சொல்கிறது. இம்மரபை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முனிவர் தமிழகம் வருவதற்கு முன்பே இந்த வடகரையில் இயேசு சபையார் தங்க முடிந்தது. அன்றைய பாளையக்காரர்க்கு நிலம் இருந்தது. உழுவதற்குக் கைகள் வேண்டியிருந்தன. பக்கத்து அரசன் துரத்திய குடிகள் தம் எல்லைக்குள் வந்து ஏர் பூட்டினால் அது பாளையத்துக்கு இழப்பாகாது. இது நமது ஊகமே. எனினும் அடைக்கலம் தருபவர்க்கும் ஒரு தேவை இருந்திருக்கலாம் என்று எண்ணும்போது அந்த அடைக்கலத்தின் மதிப்பு நமக்குக் குறையவில்லை. எல்லை தாண்டி வந்தவர்க்கு உயிர் மிஞ்சியது.

இந்தச் சூழலுக்குள்தான் இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி நுழைகிறார். 1710இல் கோவாவில் வந்திறங்கி, பின் மதுரை மிஷனில் சேர்ந்தார். தமிழகத்தின் பல ஊர்களில் பணியாற்றிய அவர், வாழ்வின் முக்கியமான ஆண்டுகளை ஏலாக்குறிச்சியில் கழித்தார். அந்த ஊருக்குத் 'திருக்காவலூர்' என்று பெயர் சூட்டினார். பாடல் பெற்ற தலங்களுக்குரிய 'திரு' என்ற அடைமொழியோடு, காவல் என்ற சொல்லைச் சேர்த்து அமைந்த பெயர். அவ்வூர் அன்னை மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். ஒரு தலத்துக்குப் புராணப் பெயரும் பிரபந்தமும் அமைவது எவ்வளவு பெரிய தகுதி என்பதைத் தமிழ் மரபைக் கற்றவர் நன்கறிவார். பட்டம் ரோமிலிருந்து வரவேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தமிழ்ப் புலமை மரபு வழங்கக்கூடிய பட்டத்தைத் தாமே வழங்கிவிட்டார் என்று சொல்லலாம்.

இங்கே இன்னொரு சிறு செய்தி. பழைய சுவடி எழுத்தில் எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி இடுவது இலக்கணம். நடைமுறையில் எழுத்தாணி பெரும்பாலும் புள்ளியைத் தவிர்த்துவிடும். குறிலா நெடிலா என்று படிப்பவரே உய்த்துணர வேண்டும். நெடிலுக்குத் தனி வடிவம் தந்து 'ஏ', 'ஓ' என எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அப்படியானால், 'ஏலாக்குறிச்சி' என்று பேருந்துப் பலகையில் நாம் படிக்கப்போகும் பெயரின் முதல் எழுத்திலேயே அந்த மனிதரின் கைத்தடம் இருக்கிறது.

தேம்பாவணியை இந்தப் பின்னணியில் வைத்து மீண்டும் எண்ணிப் பார்த்தோம். 1726இல் முடிந்ததாகச் சொல்லப்படும் இக்காப்பியம் மூன்று காண்டங்களும், 36 படலங்களும், 3615 பாடல்களும் கொண்டது. தலைவன் சூசையப்பர், தமிழில் அவருக்கு வளன் என்று பெயர். யூதேயாவில் தமிழ்நாட்டு வயல்களும் சோலைகளும் விரிவதைப் பற்றித் திறனாய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நமக்கு இப்போது கண்ணில் படுவது வேறு. ஏரோது மன்னனின் வாளுக்குத் தப்பி, இரவோடு இரவாகக் குழந்தையையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போகும் ஒரு தச்சனே இக்காப்பியத்தின் நாயகன். தமிழ்க் காப்பியங்களில் நாடு துறந்து வேற்று நாட்டில் அடைக்கலம் புகும் குடும்பத்தலைவர்கள் அரிதாகவே வருகிறார்கள். கோவலன் ஒருவன் உடனே நினைவுக்கு வருகிறான், அவனை மதுரை காக்கவில்லை. ஏலாக்குறிச்சியில் வளனின் கதையைக் கேட்டவர்களுள் ஆற்றைக் கடந்து வந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். எல்லை தாண்டுவது என்றால் என்ன என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

இவ்வாறு சொல்வதால் முனிவரை எல்லோரையும் அரவணைத்த அருளாளராகக் காட்ட நாம் முயலவில்லை. தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை எதிர்த்து அவர் எழுதிய 'வேத விளக்கம்', 'லுத்தேரினத்தியல்பு' முதலிய நூல்களில் கடுமை நிறைய உண்டு. அதே தரங்கம்பாடி அச்சகத்தில்தான் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1730களின் இறுதியில் அச்சேறியது என்பது வரலாற்றின் சிறு குறும்பு. சண்டையிட்டவர்களுக்கும் அவருடைய இலக்கணம் தேவைப்பட்டது. அவரைப் பற்றிய கதைகளையும் கவனத்தோடு ஏற்க வேண்டும். சந்தா சாகிபின் திவானாக விளங்கினார் என்ற செய்தி 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாற்றின் மூலம் பரவியது; ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை. அவர் 1742இல் மணப்பாட்டில் மறைந்தார் என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. சபை ஆவணங்களின்படி 1747இல் கேரளத்து அம்பழக்காட்டில் மறைந்தார். பயணத்துக்கு முன் இவற்றை அறிந்துகொண்டால், தலத்தில் கேட்கும் கதைகளை மரியாதையோடும் அளவோடும் கேட்க இயலும்.

இனி ஆறு. பரமார்த்த குருவும் சீடர்களும் ஆற்றைக் கடக்கும் கதையை அறியாதவர் இருக்க முடியாது. ஆறு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்துப் பார்த்து, ஒருவாறு கடந்து, பின் தலை எண்ணும்போது ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு எண்ணி, ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுவார்கள். சிறு வயதில் நாம் சிரித்த கதை. கொள்ளிடக் கரையில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் எழுதியது என்ற நினைப்போடு படித்தால் வேறொரு ஒலியும் கேட்கிறது. ஆற்றைக் கடந்தபின் தலை எண்ணிப் பார்க்கும் அச்சம் அந்தக் கரையில் வேடிக்கையாக மட்டும் இருந்திருக்காது.

இன்று நாம் காணும் கொள்ளிடத்தை வைத்து அந்த ஆற்றை மதிப்பிடக்கூடாது. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகத் தெரியும் இன்றைய நிலைக்கு மனிதக் கரங்களே காரணம். முக்கொம்பில் காவிரி நீர் பெருமளவு கொள்ளிடத்தில் இறங்கி வந்ததால் தஞ்சை வயல்கள் காய்ந்தன; அதைத் தடுக்கவே 1836இல் ஆர்தர் காட்டன் மேலணையைத் தொடங்கினார். 1934இல் மேட்டூர் அணை வந்தது. 1701இல் கடந்தவர்கள் எதிர்கொண்டது இவற்றுக்கெல்லாம் முந்திய ஆறு. ஆகவே கோடையில் செல்வது வசதியே ஆனாலும், எல்லையாக இருந்த ஆற்றைக் காண விரும்புவோர் ஆடிக்கும் கார்த்திகைக்கும் இடையில், மேட்டூர் நிரம்பி உபரிநீர் திறந்துவிடப்படும் ஒரு வாரத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. நாங்களும் அவ்வாறே முடிவு செய்திருக்கிறோம்.

திட்டம் இப்போது இப்படி அமைந்துள்ளது. காலையில் பூண்டி. அந்த ஆலயத்தையும் தொடங்கியவர் வீரமாமுனிவரே என்பது மரபு. எனவே தொடக்கம் அங்கேதான். அங்கிருந்து திருவையாறு, விளாங்குடி வழியே கொள்ளிடப் பாலம். பாலத்தில் வண்டியை விட்டு இறங்கி, தென்கரையிலிருந்து வடகரைக்கு நடந்தே கடப்பது. திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சி. ஆலயத்தைச் சுற்றிப் பார்த்தபின், ஓரிடத்தில் அமர்ந்து கலம்பகத்திலும் தேம்பாவணியிலும் சில பாடல்களை வாய்விட்டுப் படிப்பது. மாலையில் அரியலூர் செல்லும் வழியில் கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும். சம்பந்தர் தம் பழுவூர்ப் பதிகத்தில் அங்கு வழிபட்ட மலையாளரைப் பற்றிப் பாடுகிறார். அவ்வூரை ஆண்ட பழுவேட்டரையரைச் சேர மரபினராகவே அன்பில் செப்பேடு குறிக்கிறது. வேற்று நிலத்தாரை ஏற்று வாழவைத்த பழக்கம் இந்த மண்ணுக்கு மழவராயர் காலத்தில் புதிதாக வந்ததன்று என்பதை அந்தக் கற்றளிகளின் முன் நின்று நினைத்துக்கொள்ளலாம்.

பயணம் செல்வோர் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வீரமாமுனிவர் கண்ட கட்டடம் அப்படியே நிற்கிறது என்ற எதிர்பார்ப்போடு யாரும் செல்ல வேண்டாம். வழிபாடு உயிரோடு இருக்கும் இடங்களில் கட்டடங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பூண்டியும் அவ்வாறே. மாறாமல் இருப்பது இரு கரைகளும் நடுவில் ஆறும்தான். 1899இல் உருவான குடந்தை மறைமாவட்டத்துக்குள் பூண்டியும் ஏலாக்குறிச்சியும் ஒருங்கே அடங்குகின்றன. திருச்சபையின் வரைபடத்தில் கொள்ளிடம் எல்லையன்று. அரசின் வரைபடத்தில் இன்றும் எல்லைதான். முன்பு திருச்சியின் பகுதியாகவும், 1995 முதல் பெரம்பலூரின் பகுதியாகவும் இருந்து, 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் இறுதியாகத் தனி மாவட்டமான அரியலூர், அந்தப் பாலத்தில்தான் தஞ்சாவூரைச் சந்திக்கிறது.

பாலத்தின் வடமுனையை அடைந்ததும் சிறிது நேரம் நின்று எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. எண்ணுபவர் தம்மையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதை மட்டும் இப்போதே நினைவூட்டி வைக்கிறோம்.