ஸ்டோரும் லயமும்

மலையகத் தமிழில் ‘ஸ்டோர்’ என்றால் கடையல்ல, தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தை வாட்டி, அரைத்து, உலர்த்தி, தூளாக்கிச் சலிக்கும் நெடிய மாடிக் கட்டடத்தையே தோட்ட மக்கள் அச்சொல்லால் அழைக்கின்றனர். கொழும்பிலோ அதே சொல்லுக்கு வேறு பொருள். 1987இல் ஷாந்த் பெர்னாண்டோ தொடங்கிய ‘பாரடைஸ் ரோட்’ நிறுவனம், தர்மபால மாவத்தையின் பழைய மாளிகையொன்றில் அழகிய வீட்டு அலங்காரப் பொருள்களை விற்பனை செய்கிறது. மாளிகை கடையாகலாமெனில், மலையகத்து ஸ்டோர் என்னவாகும்?

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் இதற்கு விடை இருக்கிறது. அங்குள்ள ஹெதர்செட் தொழிற்சாலை இயந்திரங்கள் ஓய்ந்து பல ஆண்டுகள் வெறுமனே கிடந்தது. பின்னர் எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் அதனை உல்லாச விடுதியாக மாற்றி 1996இல் திறந்தது. கட்டடத்தின் உருவம் சிதைக்கப்படவில்லை. சுவரெங்கும் நீளும் சாளர வரிசை அழகுக்காக வைக்கப்பட்டதன்று. வாட்டும் மாடிகளுக்குக் காற்று வேண்டும் என்பதற்காக அமைந்தது. பறித்த கொழுந்தின் ஈரத்தை அங்கே மணிக்கணக்கில் வாட்டிய பின்னரே உருளைகளில் இட்டு அரைப்பர். கொழுந்து கிடந்த அம்மாடிகளில் இன்று விருந்தினர் உறங்குகின்றனர். பழைய இயந்திரங்களும் காட்சிப் பொருள்களாக நிற்கின்றன.

இதனை நான் குறைகூறேன். இடிந்து வீழ்வதிலும் பார்க்க, வேறு தொழில் பெற்று ஒரு கட்டடம் நிலைப்பது நன்று. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையின் மின்நிலையம் 2000இல் டேட் மொடர்ன் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. நம் நாட்டிலேயே கண்டி, ஹந்தானையின் பழைய தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவு அங்கே போற்றப்படுகிறது.

ஆனால் ஸ்டோருக்குக் கொழுந்து தானாக நடந்து வரவில்லை. தமிழகத்திலிருந்து வந்தவர்களின் தலைமுறைகள் அதனைக் கூடையில் சுமந்தன. பொழுது சாய்ந்ததும் அவர்கள் திரும்பியது லயத்துக்கு: ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கப்பட்ட சிறு காம்பராக்களுக்கு. அந்த லயமும் வரலாற்றுக் கட்டடமே. இதனை உணர்ந்து, கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007இல் திறந்தனர். புழங்கிய பாத்திரங்களும் தொழிற்கருவிகளும் ஆவணங்களும் அங்கே பேணப்படுகின்றன. தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை ஏட்டில் ஆற்றிய பணியை, அந்த லயம் மண்சுவரிலும் தகரத்திலும் ஆற்றுகிறது எனலாம்.

கட்டடத்தைப் புதுப்பிப்போர் பழைய மரத்தையும் இரும்பையும் கவனமாகக் காக்கின்றனர். அங்கே உழைத்தவர்களின் நினைவைக் காக்க அத்தனை செலவும் வேண்டியதில்லை. செக்ரோல் பதிவேடு எங்கேனும் எஞ்சியிருந்தால், அதிலுள்ள பெயர்களை வாசலில் ஒரு பலகையில் தமிழிலும் பொறிக்கலாம். இன்றும் லயங்களில் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. அக்குடும்பத்துப் பிள்ளையொன்று அவ்வாசலைக் கடக்கையில், அந்தப் பலகையில் தன் பாட்டியின் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும். அப்போதுதான் ஸ்டோரின் வரலாறு முழுமை பெறும்.