முதுமைப் பழமொழிகளும் அயல்மொழியாளரின் பொருள்கோளும்

முதுமை எல்லா மக்களுக்கும் பொதுவானது. ஆதலின் அதனைப் பற்றிய பழமொழிகள் அயல்மொழியாளருக்கும் எளிதில் விளங்கும் எனக் கருதத் தோன்றும். 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் தர மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை நோக்கின், இக்கருத்து முற்றும் பொருந்தாமை புலப்படும்.

இம்முயற்சிகளுள் மூன்று குறிப்பிடத்தக்கன. யாழ்ப்பாணத்தில் சமயப்பணி ஆற்றியவரும், ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவருமான பீட்டர் பெர்சிவல், பின்னர்ச் சென்னையில் வாழ்ந்த காலத்தில், 1874-இல் 6,000-க்கு மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். 1894-இல் ஜான் லாசரஸ் தம் பழமொழி அகராதியில் பொருளையும் வழங்கும் சூழலையும் ஆங்கிலக் குறிப்புகளாகத் தந்தார். டென்மார்க் நாட்டுச் சமயத்தொண்டரான ஹெர்மன் ஜென்சன் 1897-இல் பழமொழிகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தினார். மொழிபெயர்ப்பு, விளக்கம், வகைப்பாடு என இம்மூன்று நூல்களும் மூன்று நெறிகளைக் காட்டுகின்றன. முதல் நெறி மட்டும் போதாமைக்கு முதுமைப் பழமொழிகள் தக்க சான்றாகும்.

‘வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது’ என்பது யாவரும் அறிந்த பழமொழி. இதில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. எனினும் ‘காடு’ என்பதற்கு மரம் அடர்ந்த வனம் என்று மட்டும் அறிந்த அயல்மொழியாளர், முதியவர் துறவு பூண்டு வனம் செல்லும் நிலையை இது குறிப்பதாகக் கொள்ளக்கூடும். வடமொழி மரபில் கூறப்படும் வானப்பிரத்த நிலையை அறிந்தவருக்கு இம்மயக்கம் மேலும் வலுப்படும். இங்குக் காடு என்பது சுடுகாடே. இப்பொருள் பிற்காலத்தது அன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகச் சுட்டும் ‘காடு வாழ்த்து’ என்பதிலும் இப்பொருளே அமைந்துள்ளது.

‘காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்’ என்பதில் இடர்ப்பாடு வேறு வகையினது. காவோலை முற்றிக் காய்ந்த பனையோலை. குருத்தோலை உச்சியில் புதிதாக விரியும் இளவோலை. குருத்தே நாளடைவில் கீழிறங்கிக் காவோலையாகும் என்பது பனைமரத்தை அறிந்தவர்க்கே விளங்கும். முதியவரை இகழும் இளையவருக்கும் அந்நிலை வரும் என்ற கருத்துப் பழமொழியில் சொல்லப்படவில்லை. கேட்பவரின் அறிவுக்கு விடப்பட்டுள்ளது. ஓலை விழுந்ததையும் சிரித்ததையும் மட்டும் மொழிபெயர்த்தால், இளமையின் வெற்றியைப் போற்றும் பழமொழியாக இது மாறிவிடும்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது வகைப்பாட்டின் சிக்கலைக் காட்டுகின்றது. ஐம்பது என்னும் சொல்லைக் கொண்டு இதனை முதுமைப் பகுதியில் சேர்க்க இடமுண்டு. ஆனால் இது பெரும்பாலும் குழந்தை வளர்ப்பைக் குறித்தே பெற்றோரிடம் கூறப்படுவது. முதியவரின் இயலாமையை உரைப்பது இதன் நோக்கமன்று.

இவை அனைத்தினும் முதன்மையானது, யார் யாரிடம் கூறுகின்றார் என்பது. ‘காடு வா வா என்கிறது’ என்று முதியவர் தம்மைக் குறித்துக் கூறின், அதில் பற்றின்மையும் மெல்லிய நகையும் உண்டு. அதனையே இளையவர் ஒருவர் அவர் முகத்துக்கு நேரே கூறின் அது பெரும் அவமதிப்பாகும். சொற்பொருளை முழுமையாகக் கற்ற அயல்மொழியாளரும் இவ்வரையறையை அறியாவிடின் மூத்தோர் மனத்தைப் புண்படுத்திவிடக் கூடும். லாசரஸ் வழங்குசூழலையும் தம் குறிப்புகளில் சேர்த்தமையின் சிறப்பு இதனால் விளங்கும்.

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிப்போர்க்கும் இருமொழிப் பழமொழி அகராதி தொகுப்போர்க்கும் இவ்வரலாறு பயன்தருவது. பழமொழியின் பொருளோடு அதனைக் கூறுவோர், கேட்போர், அது தோன்றிய வாழ்க்கைப் புலம் ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். பனையை அறியாது நகரங்களில் வளரும் தமிழ்ச் சிறார்க்கும் காவோலை இன்று விளக்கம் வேண்டும் சொல்லாகிவிட்டது. ஆதலின் அயல்மொழியாளர்க்கென மேற்கொள்ளப்பட்ட இவ்விளக்கப் பணி, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கும் தேவையாகின்றது.