'ஹீ ஹூ' போய் 'தோஸ் ஹூ' வந்த கதை

நான் காமர்ஸ் படித்தவன். ஆங்கில இலக்கணம் பற்றி எழுத உனக்கு என்னய்யா தகுதி என்று கேட்டால், இருபது வருடத்துக்கு மேலாக வங்கியில் ஆங்கிலக் கடிதம் எழுதிக் குப்பை கொட்டுகிறேன், அவ்வளவுதான். ஆனால் மேலே உள்ள முதல் வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 'படித்தவன்'. ஒரே சொல். என்ன செய்தான் என்பது முன்னால், ஆள் பின்னால், இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆங்கிலத்தில் இது தலைகீழ். முதலில் 'ஹீ', பிறகு 'ஹூ', அதற்கப்புறம்தான் செய்தி. ஆளை நிறுத்திவிட்டு வாலைக் கட்டுவது மாதிரி.

இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் 'ஹீ'க்கும் 'தே'க்கும் இந்த வாலை யாரும் கட்டுவதில்லை. தயங்கினவன் கெட்டான் என்கிற பழமொழியில் 'ஹீ ஹூ' இருக்கிறது. ரைடர் ஹகார்டின் 'ஷீ' நாவலில் (1887) வரும் ராணியின் பட்டப்பெயரில் 'ஷீ ஹூ' இருக்கிறது. நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்த ஹாரி பாட்டரில் வில்லனின் பெயரைச் சொல்லப் பயந்தவர்கள் வைத்த பெயரிலும் உண்டு. எல்லாம் வேண்டுமென்றே பழைய வாடைக்காகச் சேர்த்தது. கடைத்தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

இதைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது ஒரு பையனால். விழுப்புரம் பக்கத்துப் பையன், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், இங்கே வடக்கே எங்கள் கிளைக்கு புரொபேஷனரி ஆபீசராக வந்தான். கேஒய்சி கொடுக்காத வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் வரைந்தான். 'கொடுக்காதவர்கள்' என்பதற்கு 'தே ஹூ ஹேவ் நாட் சப்மிட்டட்' என்று எழுதிவிட்டான். ஆய்வுக் கூட்டத்தில் ஒரு பெரிய அதிகாரி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரித்தார். கூடவே பத்துப் பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பையன் இரண்டு வரிக் கடிதத்தைக்கூட யாரிடமாவது காட்டாமல் அனுப்புவதில்லை. கணக்கில் புலி. ஆனால் கடிதம் என்றால் முகம் வெளுத்துவிடும்.

அவன் எழுதியது இன்றைக்குப் பொருந்தாது, சரி. அங்கே 'தோஸ் ஹூ' வரவேண்டும். ஆனால் சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆங்கிலத்தின் பழைய ராஜபாட்டையில்தான் அவன் நடந்திருக்கிறான்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில், வாக்கியத்தை இணைக்கும் வேலைக்கு 'ஹூ' கிடையாது. அது அப்போது 'யார்?' என்று கேட்கிற கேள்விச் சொல். இணைக்கிற வேலையைப் பார்த்தது 'தெ' என்கிற குட்டிச் சொல். 'அவன்' என்பதோடு இதைச் சேர்த்து 'செ தெ' என்றால் 'எவனோ அவன்'. பிறகு அந்தக் குட்டிச் சொல் தேய்ந்து மறைய, 'தட்' அந்த நாற்காலியில் உட்கார்ந்தது. 'விச்' அதற்கப்புறம் வந்து மனிதர், மாடு, மரம் என்று பேதம் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் உழைத்தது. 'ஹூ' எழுவாயாக வந்து சேர்ந்தது ரொம்ப லேட். 15ஆம் நூற்றாண்டுக் கடிதங்களின் கடைசியில், கடவுள் உங்களைக் காப்பாராக என்பது போன்ற வாசகங்களில், கடவுளைக் குறிக்கும் இடத்தில்தான் அது முதலில் தலைகாட்டுகிறது. கடிதத்தின் கடைசி வரி வழியாக ஒரு சொல் மொழிக்குள் நுழைந்தது, கடிதம் எழுதியே பிழைக்கிற எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

1611ல் ஜேம்ஸ் மன்னர் காலத்து பைபிள் வந்தபோதும் 'ஹீ தட்', 'தே தட்' தான் ஆட்சி. பிரிட்டிஷ்காரர்கள் தினமும் சொன்ன கர்த்தருடைய ஜெபத்தில், பரலோகப் பிதாவுக்கே 'விச்' போட்டிருந்தார்கள். இன்றைக்குப் பள்ளியில் ஆளுக்கு 'விச்' போட்டால் சிவப்பு மையால் சுழிப்பார்கள்!

இந்தச் சண்டையை ஊரறியச் செய்தவர் ரிச்சர்ட் ஸ்டீல். 1711 மே மாதம் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையின் 78ஆம் இதழில், 'ஹூ'வும் 'விச்'சும் சேர்ந்து கொடுக்கும் மனு ஒன்றை வேடிக்கையாக எழுதினார். நாங்கள் பரம்பரைக் குடும்பம், 'தட்' என்கிற நேற்று வந்த பயல் எங்கள் இடத்தைப் பிடுங்கிக்கொண்டான், குழந்தைகள் கற்கும் முதல் ஜெபத்திலேயே 'ஹூ' வரவேண்டிய இடத்தில் 'விச்' நிற்கிறது என்று புலம்பல். இதில் தமாஷ் என்னவென்றால் உண்மை நேர் எதிர். 'தட்' தான் பழைய குடித்தனக்காரர், மனு கொடுத்தவர்கள்தான் பின்னால் வந்தவர்கள். வாடகைக்கு வந்தவன் வீட்டு ஓனர்மேல் கேஸ் போட்ட கதை :-) ஆனாலும் காற்று மனுதாரர் பக்கமே அடித்தது. 1789ல் அமெரிக்க எபிஸ்கோபல் சபை தன் ஜெபப் புத்தகத்தை ஏற்றுக்கொண்டபோது பிதாவுக்கு 'ஹூ' போட்டுவிட்டார்கள்.

18ஆம் நூற்றாண்டின் இலக்கணக்காரர்கள் மற்றதைப் பார்த்துக்கொண்டார்கள். ராபர்ட் லோத் (1762), லிண்ட்லி மர்ரே (1795). மர்ரே தன் புத்தகத்தை எழுதியது யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக. இந்த வழியில் வந்த இலக்கணம்தான் கப்பலேறி நம்மூருக்கு நெஸ்ஃபீல்டாகவும், பிறகு 1930களில் ரென் அண்ட் மார்ட்டினாகவும் வந்தது. நாமெல்லாம் அதைத்தானே மனப்பாடம் செய்தோம்.

இதற்கிடையில் பேச்சுவழக்கு தன் பாட்டுக்கு வேறொன்றைச் செய்துகொண்டிருந்தது. 'தே' என்றால் ஏற்கெனவே யாரென்று தெரிந்தவர்கள். தெரிந்தவர்களுக்கு எதற்கு அடையாள வால்? யாரென்று இனிமேல்தான் சொல்லப்போகிறோம் என்றால் கைநீட்டிச் சுட்டுகிற 'தோஸ்' வசதி. அப்படித்தான் 'தே ஹூ' கழன்று 'தோஸ் ஹூ' ஆயிற்று. 'ஹீ ஹூ'வுக்குப் பதில் 'எனிஒன் ஹூ', 'த பர்சன் ஹூ'. 'வீ'யும் 'யூ'வும் மட்டும் இன்னும் அவ்வப்போது வாலோடு நடமாடுகின்றன. எதிரே நிற்பவரை அடையாளம் சொல்ல வேண்டியதில்லை, வால் வெறும் கூடுதல் விவரம், அதனால் பிழைத்துக்கொண்டன.

சட்டக்காரர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். மெக்காலே 1837ல் வரைந்து 1860ல் சட்டமான இந்திய தண்டனைச் சட்டத்தில் குற்றப்பிரிவுகள் பெரும்பாலும் 'ஹூஎவர்' என்றுதான் ஆரம்பிக்கும். பிரதிப்பெயரும் இணைப்புச் சொல்லும் ஒரே உருண்டையாக. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதே 'ஹூஎவர்' தான். சட்டம் மாறினாலும் சொல் மாறவில்லை.

இதையெல்லாம் பையனிடம் ஒரு சாயங்காலம் டீக்கடையில் சொன்னேன். "அப்ப நான் எழுதினது தப்பில்லையா சார்?" என்றான். "தப்பில்லப்பா, முன்னூறு வருஷம் லேட்" என்றேன். சிரித்தான். அடுத்த கடிதத்தை என்னிடம் காட்டாமலே அனுப்பினான்.

'ஐ'க்கு வரும் வால் இன்னும் தகராறு. 'இட் இஸ் ஐ ஹூ' என்றால் அடுத்து 'ஆம்' என்று இலக்கணம் சொல்லும். பேசுகிறவர்கள் 'மீ' போட்டு 'இஸ்' போட்டுவிடுவார்கள். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை, 'சொன்னது நான்தான்' என்று முடித்துவிடுவோம். ஆனால் நம்மிடமும் பழைய சொத்து ஒன்று கைநழுவியிருக்கிறது. வினையாலணையும் பெயர் மூன்று இடத்திலும் வரும் என்று பள்ளியில் படித்தோமே, நினைவிருக்கிறதா? வந்தேனை, வந்தாயை, வந்தானை. 'வந்தேனை' என்றால் 'வந்தவனான என்னை'. ஆங்கிலக்காரனுக்கு மூன்று நான்கு சொல் வேண்டியது நமக்கு ஒரே சொல்லாக இருந்தது. இன்றைக்குப் பேச்சில் மிஞ்சியது 'வந்தவன், வந்தவள், வந்தவங்க' மட்டும்.

மிஞ்சியதும் வெளியூரில் வளரும் பிள்ளைகளிடம் ஆட்டம் காண்கிறது. என் பெண், "யார் நேத்து போன் பண்ணாங்களோ அவங்க வந்திருக்காங்கப்பா" என்கிறாள். இந்தியின் 'ஜோ... வோ' அப்படியே தமிழில் இறங்கியிருக்கிறது. 'யார்... ஓ... அவர்' நம் மொழியிலும் உண்டுதான். யாராக இருந்தாலும் என்று சொல்லவேண்டிய இடத்தில் அது அழகாகப் பொருந்தும். வாசலில் நிற்கிற ஒரு மாமிக்கு அவ்வளவு பெரிய வாக்கியம் எதற்கு? கால்டுவெல் 1856ல் எழுதிய ஒப்பிலக்கணத்திலேயே, திராவிட மொழிகளில் ரிலேட்டிவ் ப்ரோநவுன் கிடையாது, அந்த வேலையைப் பெயரெச்சமே செய்துவிடுகிறது என்று சொல்லியிருக்கிறார்.

பெண்ணை நான் திருத்துவதில்லை. திருத்தினால் இந்திக்கே போய்விடுவாள். "யாரு, நேத்து போன் பண்ணவங்களா?" என்று திரும்பக் கேட்பேன். சில நாள், "ஆமாப்பா, போன் பண்ணவங்கதான்" என்கிறாள்.