தருமபுரியில் நடப்பு நிகழ்வுகள்: ஒரு தேர்வுப் பாடத்தின் வரலாறு

அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுகளில் பாடநூல் இல்லாத பாடம் ஒன்று உண்டென்றால் அது நடப்பு நிகழ்வுகள்தான். வரலாறு, புவியியல், அறிவியல், அரசியலமைப்பு ஆகியவற்றுக்குப் பள்ளிப் பாடநூல்களே பெரும்பாலும் போதும். நடப்பு நிகழ்வுகளோ நாள்தோறும் வளர்ந்துகொண்டே இருப்பவை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பாடத்திட்டம் இதன்கீழ் அண்மை நிகழ்வுகள், செய்திகளில் இடம்பெற்ற மனிதர்களும் இடங்களும், விளையாட்டு, நூல்களும் ஆசிரியர்களும், நலத்திட்டங்கள் எனப் பலவற்றைச் சேர்த்திருக்கிறது. செய்தி ஒருவருக்கு எவ்வளவு விரைவாக, எந்த மொழியில், எவ்வளவு செலவில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே இந்தப் படிப்பு அமைகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 68.5 விழுக்காட்டு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டு மாவட்டங்களில் கடைசியாக நின்ற தருமபுரியில் இந்தப் பாடத்தின் கதை, ஊர்களுக்குச் செய்தி வந்து சேர்ந்த கதையும்கூட.

தேர்வு இல்லாத காலம்

திப்பு சுல்தானுடன் 1792-இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய தருமபுரி அதன் ஒரு பகுதி. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி விதித்தார்கள். மன்றோ 1799 வரை தருமபுரியில் இருந்து பணியாற்றினார். பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறைக்கு இங்கே செய்த வேலைதான் அடித்தளம். அந்த அதிகாரிகள் யாரும் தேர்வு எழுதி வந்தவர்கள் அல்லர். ரீடும் மன்றோவும் படை அதிகாரிகள். கம்பெனியின் குடிமைப் பணியிலும் இயக்குநர்களின் பரிந்துரை பெற்றவர்களுக்கே இடம் கிடைத்தது.

1853-ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் இந்தப் பரிந்துரை முறைக்கு முடிவுகட்டியது. 1855-இல் முதல் போட்டித் தேர்வு லண்டனில் நடந்தது. இந்தியாவிலேயே அந்தத் தேர்வை எழுதும் வாய்ப்பு 1922-இல்தான் வந்தது. மேல்மட்டத்தில் தேர்வு வந்துவிட்ட பிறகும் கிராமத்தில் எதுவும் மாறவில்லை. நிலக் கணக்கு எழுதிய கர்ணமும், வரி தண்டிய கிராம முன்சீப்பும் பரம்பரையாக அந்தந்தக் குடும்பங்களிலிருந்தே வந்தார்கள். ஊரில் ஒரு விவசாயத் தொழிலாளியின் பிள்ளை எவ்வளவு படித்தாலும் அந்த நாற்காலி அவருக்கு எட்டாது.

தேர்வாணையமும் பொது அறிவும்

மத்தியில் பொதுப்பணி ஆணையம் 1926-இல் அமைந்தது. மாகாண அளவில் இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னையில் 1929-இல் சட்டம் இயற்றிப் பணியாளர் தேர்வாணையம் ஏற்படுத்தப்பட்டது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியதைத் தொடர்ந்து 1970-இல் அது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆயிற்று.

விடுதலைக்குப் பிந்தைய குடிமைப் பணித் தேர்வில் கட்டுரை, ஆங்கிலம் ஆகியவற்றோடு பொது அறிவும் கட்டாயத் தாளாக இருந்தது. கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979-இல் முதல்நிலைத் தேர்வும் முதன்மைத் தேர்வும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டபோது பொது அறிவு தேர்வின் நடுவிடத்துக்கு வந்தது. கொள்குறி வினாக்கள் பெருகின. விளக்கி எழுதும் திறமையோடு, நாட்டில் நடப்பதைத் துல்லியமாக அறிந்திருப்பதும் தேவைப்பட்டது. இந்திய மொழிகளில் விடை எழுதும் உரிமையும் அப்போதே வந்ததால், தமிழ் நாளிதழ் படித்து வளர்ந்தவருக்கும் வழி திறந்தது.

செய்தி வந்த வழிகள்

ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் வார இதழாகத் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899-இல் தமிழின் முதல் நாளிதழானது. 1934-இல் 'தினமணி'யும் 1942-இல் 'தினத்தந்தி'யும் வந்தன. தருமபுரி வட்டாரத்துக்கும் இதழியலோடு ஒரு நெருங்கிய உறவு உண்டு. 'ஞானபானு' இதழை நடத்திய விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் இறுதிக் காலத்தைப் பாப்பாரப்பட்டியில் கழித்து, 1925 ஜூலை 23 அன்று அங்கேயே காலமானார்.

ஆனால் நாளிதழை விலைகொடுத்து வாங்கும் வசதி மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பங்களுக்கு இல்லை. வெளியூர்களோடு இணைப்பாக மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் போடப்பட்ட குறுகிய ரயில்பாதையும் 1941-இல் மூடப்பட்டது. தேநீர்க் கடை, முடிதிருத்தகம், கட்சிப் படிப்பகம் என்று நான்கு பேர் கூடும் இடத்தில் ஒரு பத்திரிகை பலர் கை மாறுவதே கிராமங்களில் வழக்கமாக இருந்தது.

இந்த நிலையை மாற்றியதில் பெரும்பங்கு பொது நூலகத்துக்கு உண்டு. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் விடாமுயற்சியால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதல் சட்டம். சொத்துவரியோடு சேர்த்து வசூலித்த நூலக வரியால் ஊர்தோறும் கிளை நூலகங்கள் எழுந்தன. சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமானதும் ஆட்சியர் அலுவலகமும் அதைச் சார்ந்த துறை அலுவலகங்களும் இங்கேயே அமைந்தன. அரசு வேலை என்பது கண்ணெதிரே தெரியும் ஒன்றானது. வானொலி வைத்திருந்த வீடுகளில் டில்லியிலிருந்து ஒலிபரப்பான தமிழ்ச் செய்தியும் அதை வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலும் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அன்றாடப் பாடமாயின.

கிராமத்து நாற்காலி தேர்வுக்கு வந்தது

எம்.ஜி.ஆர். ஆட்சி 1980 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. அதற்குப் பின் கிராம நிர்வாக அலுவலர் பணி தேர்வாணையத்தின் வழியே நிரப்பப்படலாயிற்று. அரூர், பென்னாகரம், பாலக்கோடு போன்ற பகுதிகளின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இது பெரிய திருப்பம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு எழுதக்கூடிய குரூப் 4 தேர்வு மாநிலத்தின் மிகப்பெரிய போட்டித் தேர்வாக வளர்ந்தது. 2018-இல் கிராம நிர்வாக அலுவலர் தேர்வும் அதனோடு இணைக்கப்பட்டது. 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். இத்தகைய போட்டியில் ஒன்றிரண்டு வினாக்கள்கூடத் தரவரிசையில் ஆயிரக்கணக்கான இடங்களை மாற்றிவிடும். அனைவரும் ஒரே பள்ளிப் பாடநூலைப் படித்துவரும்போது அந்த ஒன்றிரண்டு வினாக்கள் பெரும்பாலும் நடப்பு நிகழ்வுகளிலேயே அமைகின்றன.

படிக்கும் முறையும் ஒரு மரபாக உருவானது. நாளிதழில் தேவையான செய்தியைக் கத்தரித்து ஒட்டுவது, அல்லது நூலகத்திலேயே அமர்ந்து குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது முதல் படி. மாநிலம், தேசியம், உலகம், விருது, விளையாட்டு, அறிவியல், திட்டம் என்று தலைப்பு பிரிப்பது இரண்டாவது. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் திருப்பிப் பார்ப்பது மூன்றாவது. இதற்குத் துணையாகத் தமிழ் 'மனோரமா இயர்புக்', மத்திய அரசின் 'திட்டம்' மாத இதழ், மாநில அரசின் 'தமிழரசு', துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகள் ஆகியவை பயன்பட்டன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் கட்டணமில்லாமல் வகுப்பும் மாதிரித் தேர்வும் நடத்துகின்றன. தனியார் மையத்துக்குப் பணம் கட்ட முடியாதவர்களுக்கு இவையே ஆதரவு.

மாவட்டமே வினாவாகும்போது

செய்தி எப்படிப் பாடமாகிறது என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே நல்ல சான்றுகள் உண்டு. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காப்புக்காடுகளை இணைத்துக் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நாளிதழில் அது சில பத்திச் செய்தி. தேர்வருடைய குறிப்பேட்டில் அதுவே ஒரு பக்கமாக விரிகிறது. பரப்பு 686.406 சதுர கிலோமீட்டர், மாநிலத்தின் 17-ஆவது வனவிலங்கு சரணாலயம் என்பவை நேரடி வினாவுக்கு உரியவை. எந்தச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டது என்று கேட்டால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். கர்நாடகத்தின் எந்தக் காடுகளோடு தொடர்கிறது என்றால் புவியியல். யானை வழித்தடம் என்றால் சூழலியல். ஒரு செய்தி நான்கு பாடங்களுக்குள் நுழைந்துவிடுகிறது.

கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் இன்னொரு சான்று. அதற்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2023 ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டம் தொப்பூரில் தொடங்கிவைத்தார். மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டதோ அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில். 'மக்களுடன் முதல்வர்' திட்டமும் அவ்வாறே: 2023 டிசம்பரில் கோவையில் தொடங்கியது, ஊரகப் பகுதிக்கான விரிவாக்கம் 2024 ஜூலை 11 அன்று இந்த மாவட்டத்தின் பாளையம்புதூரில் தொடங்கியது. தலைப்பை மட்டும் படித்தவர் இந்த ஊர்ப் பெயர்களைக் குழப்பிக்கொள்வார்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இன்னும் ஆழமானது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் இத்திட்டம், ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறி 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. தேர்வுத் தாளுக்கு இது பொது சுகாதாரம், மாநிலங்களுக்கிடையிலான நதிநீர், வெளிநாட்டுக் கடன் எல்லாம் சேர்ந்த செய்தி. மாவட்டத்துத் தேர்வருக்கோ வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர்.

அண்மைக் கால மாற்றங்கள்

2019-இல் வெளியான புதிய பாடத்திட்டத்தில் தமிழகத்தின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக-அரசியல் இயக்கங்கள் எட்டாம் அலகாகவும், தமிழகத்தில் வளர்ச்சி நிர்வாகம் ஒன்பதாம் அலகாகவும் சேர்ந்தன. இதனால் மாநிலச் செய்திகளுக்கு மதிப்பு கூடியது. ஒரு திட்டத்தின் தொடக்க நாளோடு அதன் நோக்கமும் பயனாளிகளும் விளைவும் கேட்கப்படுகின்றன. கூற்று-காரணம் வகை வினாக்களுக்குப் பட்டியல் மனப்பாடம் கைகொடுப்பதில்லை.

கைபேசி இணையம் மலிவானதும் செய்தி வந்துசேரும் தாமதம் அடியோடு நீங்கியது. சித்தேரி மலையடிவாரத்தில் இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் ஒரே மணித்துளியில் மாதத் தொகுப்பு கிடைக்கிறது. 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் குடிமைப் பணித் தேர்வருக்கு ஊக்கத்தொகையும் தருகிறது. ஆனால் புதிய சிக்கல்களும் கூடவே வந்தன. சரிபார்க்கப்படாத தொகுப்புகளில் எண்களும் பெயர்களும் மாறிக் கிடக்கின்றன. செய்தியை முழுதாகப் படிக்காமல் ஒற்றை வரி விடையை மட்டும் மனப்பாடம் செய்யும் பழக்கம் பரவியிருக்கிறது.

பாடத்தின் பொருள்

ஒற்றை வரிப் படிப்பு எதைத் தவறவிடுகிறது என்பதை அரூர் பகுதியின் வாச்சாத்தி காட்டுகிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டைத் தேடுதல் என்ற பெயரில் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பெரும் கொடுமை இழைத்தனர். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். விசாரணைக் காலத்தில் இறந்த 54 பேர் நீங்கலாக மற்ற 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

இந்தத் தீர்ப்பைத் தேதியாக மட்டும் படித்தால் ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். அரசு ஊழியருக்குத் தரப்பட்ட அதிகாரம் எளிய மக்கள்மேல் எப்படிப் பாயக்கூடும், அதற்குச் சட்டம் எப்படிப் பொறுப்பு கேட்கும் என்று படித்தால் அது பணிக்காலம் முழுவதும் உடன்வரும். நடப்பு நிகழ்வுகளைத் தேர்வில் வைத்திருப்பதன் நியாயம் இதுவே. அந்த நியாயம் நிலைக்க வேண்டுமானால், காசில்லாதவரும் நாளிதழை முழுதாக அமர்ந்து படிக்க ஊர்தோறும் நூலகம் திறந்திருக்க வேண்டும். தருமபுரி போன்ற மாவட்டங்களில் கிளை நூலகத்துக்கு நாளிதழ் வாங்கச் செலவிடும் பணம், அரசு தன் வருங்கால ஊழியர்களை உருவாக்கச் செய்யும் முதலீடு.