பாம்பெய் தெருமுனைத் தூண்கள்

அபார்ட்மெண்ட்ல கீழ்த்தளத்துக்காரங்க குழாயைத் திறந்தா தண்ணி சீறும். பிளம்பர் வந்து பிரஷர் ரெகுலேட்டர் மாட்டுவார். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு டயாஃப்ரம், அவ்வளவுதான். இதெல்லாம் இல்லாத காலத்துல என்ன பண்ணாங்க?

இத்தாலியின் பாம்பெய் நகரம் சரிவில் கட்டப்பட்டது. வெசூவியஸ் வாசலருகே மேட்டிலிருந்த நீர்ப்பகிர்வுத் தொட்டிக்கும் பள்ளத்திலிருந்த ஸ்டாபியா வாசலுக்கும் சுமார் 34 மீட்டர் வித்தியாசம். 10 மீட்டருக்கு ஒரு பார்னு கணக்கு போட்டா மூணுக்கு மேல வருது. ஈயத் தகட்டை வளைத்து ஒட்டிய குழாய் அதைத் தாங்குமா? மூட்டு விட்டுப் போயிடும்.

ரோமானியர் தெருமுனைகளில் சுமார் 6 மீட்டர் உயரத்துக்குத் தூண் கட்டி, உச்சியில் ஈயத்தொட்டி வைத்தார்கள். தண்ணீர் மேலே ஏறித் தொட்டியில் விழும். வந்த அழுத்தம் அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டுக்கும் தெருக்குழாய்க்கும் இறங்குவது அந்த 6 மீட்டர் அழுத்தம் மட்டும்தான். பத்துக்கும் மேற்பட்ட தூண்கள் இன்னும் நிக்குது. (நம்ம மொட்டைமாடி டேங்கும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான்!)

ரிப்பேர் மட்டும் அப்பவும் ஓயலை. தூணில் வழிந்து படிந்த சுண்ணாம்பை இன்னைக்கும் பார்க்கலாம். நம்ம ரெகுலேட்டரில் உப்போ மண்ணோ சிக்கி வால்வு முழுசா மூடாம, யாரும் குழாய் திறக்காத ராத்திரியில் பிரஷர் ஏறுதே, அதுவும் இந்த வம்சம்தான்.

கி.பி. 79ல் எரிமலை வெடித்தபோது, தெருவோரம் பள்ளம் தோண்டி, பழைய குழாயைப் பிடுங்கி, வேலை பாதியில் கிடந்தது. சாம்பலுக்கடியில் அந்தப் பள்ளங்கள் அப்படியே கிடைத்திருக்கின்றன.