கூண்டில் பிறந்த தலைவன்
எங்கள் டைகருக்கு ஒன்றரை வயது. ஓடி அடங்காத உடம்பு. கேட் பக்கம் யாரையும் அண்ட விடமாட்டான். பார்சல் கொண்டுவந்த பையனின் கால்சட்டையை அவன் கவ்விய அன்று மாமா சொன்னார்: “நீதான் தலைவன்னு காட்டணும்லா. மல்லாக்கப் போட்டு அமுக்கு.” அமுக்கினேன். பயத்தில் மூத்திரம் போய்விட்டான்.

யார் இந்தத் ‘தலைவன்’ என்று அப்புறம்தான் தேடினேன். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குத் தோட்டத்து ஓநாய்களைப் பற்றி எழுதினார். விலகிப்போக வழியில்லாத அடைப்பில் அவை முதலிடத்துக்கு அடித்துக்கொண்டன. டேவிட் மெக்கின் ‘தி வுல்ஃப்’ (1970) அதைப் பரப்பியது. ஓநாய்க்கு உள்ளது நாய்க்கும் என்று முடிவுகட்டினார்கள். 1978இல் நியூயார்க் மாநிலத்து நியூ ஸ்கீட் துறவிகளின் நாய் வளர்ப்பு நூல், இந்த அமுக்கலை வீடுகளுக்குள் கொண்டுவந்தது.

மெக் 1986 முதல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களோடு கழித்தார். அங்கே அவர் கண்டது அப்பா, அம்மா, பிள்ளைகள். அவ்வளவுதான். ‘ஆல்ஃபா’ என்ற சொல் பொருந்தாது என்று 1999இல் எழுதினார். பழைய நூலை அச்சிட வேண்டாமென்று பதிப்பகத்தையும் கேட்டுக்கொண்டார். துறவிகளும் அந்த முறையைக் கைவிட்டார்கள். எங்கள் தாமானுக்கு மட்டும் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது தெரு தெரியாதபடி கேட்டில் பலகை அடித்திருக்கிறேன். காலையில் நீண்ட நடை. ஆள் வந்தால், குரைக்கும் முன்பே கூப்பிட்டு ஒரு துண்டு கோழி. குரைப்பு பாதியாகிவிட்டது. மாமாவிடம் மெக் கதையைச் சொன்னேன். “அது ஓநாய்டா, இது நாய்” என்றார். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

நான் குனிந்தால் மட்டும் டைகர் இன்னமும் ஒதுங்கிப் போகிறான்.